பேச்சி சித்தி உன் ஹாலை விட்டுப் போன கதை

தம்பி,

முந்தாநாள் விருதுநகர் பஸ் ஸ்டாண்டில், சென்னை வண்டி கிளம்புகிற நேரத்தில், படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நீ கேட்டாய்: "பேச்சி சித்தி ஏம்மா வரல?" காய்ச்சல் என்று சொன்னேன். நீயும் தலையை ஆட்டிவிட்டு ஏறிப் போய்விட்டாய். அது பொய். பேச்சிக்குக் காய்ச்சலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவள் பிரஸ் வேலையை விட்டுவிட்டு நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனிக்குப் போய்விட்டாள். அதிலும் பெட்டி ஒட்டுகிற வேலைக்கு இல்லை, வெடிமருந்து செலுத்துகிற ரூமுக்கு. அவள் போனதற்குக் காரணம், நீ ஏ.சி. காற்றை அளந்து சரிசெய்து கொடுத்த எங்கள் பிரஸ் ஹால். ஊருக்கே வாய் கிழியப் பேசுகிறவள் நான். ஆனால் நீ துபாய்க்குப் போகப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போது, உன் பெண்டாட்டி பக்கத்தில் நின்று சட்டைகளை மடித்துக் கொடுக்கும்போது, இதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. உன் அப்பாவும், "போறவன்ட்ட எதுக்கு இதெல்லாம், சந்தோசமா அனுப்பி வையி" என்று அடக்கிவிட்டார். சந்தோஷமாகத்தான் அனுப்பினேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நீ விமானம் ஏறுவதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி. நீ பால் குடிக்கிற பிள்ளையாக இருந்தபோதே நான் எம். புதுப்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனிக்குப் போனவள். மருந்து ரூம் எப்படி இருக்கும் என்று நீ பார்த்ததில்லை. சின்ன ரூம், நாலு பக்கமும் வாசல். உள்ளே நாலு பேருக்கு மேல் உட்காரக்கூடாது. வாசலை மறைத்து ஒரு கூடை வைத்தால்கூட போர்மேன் வந்து கத்துவார். நம் வீட்டில் கதவு காற்றுக்காக, வெளிச்சத்துக்காக. அங்கே கதவு ஓடுவதற்காக. வேலைக்கு உட்காரும்போதே எந்த வாசல் எனக்கு, எந்த வாசல் உனக்கு என்று மனதுக்குள் பிரித்துக்கொள்வோம். எனக்கும் பேச்சிக்கும் அந்த ரூமில்தான் பழக்கம். ஒருநாள் பக்கத்து ரூம் வெடித்தது. நான் கிழக்கு வாசல் வழியாக ஓடினேன், அவள் மேற்கு வாசல் வழியாக ஓடினாள். அவளுடைய இடது புறங்கையில் சுருங்கிக் கிடக்கிற தோல் அன்றைக்குப் பட்டது. பக்கத்து ரூமில் இருந்தவர்களைப் பற்றி உனக்கு நான் சொன்னதில்லை. இப்போதும் சொல்லப்போவதில்லை.

அதற்கப்புறம் நம் வீட்டில் கதவு சாத்தியதே கிடையாது. மார்கழிப் பனியிலும் திறந்துதான் கிடக்கும். தெரு நாய் உள்ளே வந்து உன் அப்பாவின் காலடியில் படுத்துக்கிடக்கும். அவர் காலையில் எழுந்து என்னைத் திட்டுவார், நாயைத் திட்டமாட்டார். நீ காலேஜ் ஹாஸ்டலில் சேர்ந்த புதிதில் போன் பண்ணினாயே, ஞாபகம் இருக்கிறதா? "ரூம்ல இருக்க பயலுக சண்டைக்கு வாராங்கம்மா, நான் கதவத் திறந்து போட்டுத் தூங்குறேனாம்" என்று சொன்னாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். உனக்கு எழுதிவைக்கச் சொத்து இல்லாத குறையை இது தீர்த்துவிட்டது என்று உன் அப்பாவிடம் சொன்னேன். அப்படி வளர்ந்த பிள்ளை, மூடிய கட்டடங்களுக்கு ஏ.சி. காற்றைச் சமன் செய்கிற வேலைக்குப் போனபோது எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. இப்போது வேடிக்கையாக இல்லை.

நான் பட்டாசை விட்டு பிரஸ்ஸுக்கு வந்த பிறகும் பேச்சி வெகுகாலம் அங்கேயே கிடந்தாள். "வந்துரு, வந்துரு" என்று நான் போகும்போதும் வரும்போதும் நச்சரித்தேன். காலண்டர் தாளை அடுக்கி, அட்டையில் வைத்துத் தைக்கிற வேலை. கையில் கரி ஒட்டாது, உயிருக்கு ஆபத்து இல்லை. கூலி கொஞ்சம் குறைவு என்பதுதான் அவளுடைய தயக்கம். புருஷன் இல்லாதவள், பெண்ணைப் படிக்கவைக்கிறவள், அவளுக்கு அந்தக் கொஞ்சமும் பெரிது. கடைசியில் அவள் பெண்ணே, "நீ வேலைக்குப் போனா எனக்குப் பாடம் மண்டைல ஏறலம்மா" என்று அழுததால்தான் வந்தாள். நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் முதலாளி முன்னால் நிறுத்தினேன். "இவளுக்கு நான் பொறுப்பு" என்று சொன்னேன். அவளிடமும் அதையேதான் சொன்னேன்.

பிறகுதான் முதலாளி புது மெஷின் வாங்கினார். பழைய ஹாலில் ஜன்னல் வழியாகப் புழுதியும் வரும், மழைக்காலத்தில் ஈரமும் வரும். ஈரம் பட்டால் தாள் நீளும், ஒரு கலர் இன்னொரு கலர் மேல் சரியாக உட்காராது, சாமி படத்தில் கண் ஒரு பக்கமும் மை ஒரு பக்கமும் நிற்கும். அதனால் ஜன்னலே இல்லாத ஏ.சி. ஹால் கட்டினார். அச்சடிப்பும் எங்கள் தையல் வேலையும் ஒரே கூரைக்குக் கீழே. உள்ளே போன முதல் நாளே எங்கள் பெண்கள் செய்த காரியம் என்ன தெரியுமா? வெளியே கிடந்த செங்கல்லை எடுத்துவந்து கதவுக்கு முட்டுக்கொடுத்துத் திறந்துவைத்தார்கள். பாதிப் பேர் பட்டாசிலிருந்து வந்தவர்கள். மூடிய ரூமில் எங்களுக்கு உட்கார வராது. முதலாளி செங்கல்லைத் தூக்கி எறிவார், நாங்கள் அவர் போனதும் மறுபடி கொண்டுவந்து வைப்போம். வெளிச்சூடு உள்ளே வந்து ஏ.சி. ஓயாமல் ஓடும், கரண்ட் பில் ஏறும், கலரும் விலகும். "லட்சக்கணக்குல செலவழிச்சு ஏ.சி. போட்டுட்டு ரோட்டக் குளிர வச்சுக்கிட்டு இருக்கேன்" என்று அவர் தலையில் அடித்துக்கொள்வார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. அப்போதுதான் நான் வாயைக் கொடுத்தேன்: "எம் மகன் இந்த வேலதான் பாக்கான் மொதலாளி, கேட்டுப் பாருங்க."

நீ வந்தாய். அந்த மூன்று நாள் எனக்கு வாழ்க்கையில் கிடைத்த பெரிய திருவிழா. கூரையில் காற்று வருகிற ஒவ்வொரு துவாரத்துக்கும் ஏணி போட்டு ஏறி, கூடாரம் மாதிரித் துணி கட்டிய ஒரு கருவியை வைத்து வைத்துப் பார்த்தாய். "என்ன தம்பி, காத்துக்குப் பாவாட கட்டி விடுறீகளா?" என்று பேச்சி கேட்டதும் ஹாலே சிரித்தது. உனக்குக் காது சிவந்துபோனது. மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கிற துவாரம் காற்றையெல்லாம் வாரிக் கொட்டியது, எங்கள் மூலைக்கு ஒன்றும் வரவில்லை. வாய்க்காலில் முதல் வயல்காரன் எல்லாத் தண்ணீரையும் திருப்பிக்கொள்கிற மாதிரி. நீ முதலில் இருந்ததை இறுக்கி, கடைசியில் இருந்ததைத் திறந்து, மறுபடி முதலுக்குப் போய் அளந்து, இப்படியே நடையாய் நடந்தாய். கதவிடுக்கில் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க, பையிலிருந்து ஊதுபத்தியையும் தீப்பெட்டியையும் எடுத்தாய். பேச்சி பாய்ந்து வந்து உன் கையிலிருந்து பிடுங்கினாள்.

"ஏலே, கிறுக்கா பிடிச்சிருக்கு? மெஷின் கழுவுற தின்னர் வாட அடிக்கிற எடத்துல நெருப்பா? ஒன்னப் பெத்தவ இதத்தான் சொல்லிக் குடுத்தாளா?"

நீ அப்படியே அவள் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டாய். பிறகு காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்துக் கதவிடுக்கில் தொங்கவிட்டாய். தாள் உள்பக்கமாக ஒட்டிக்கொண்டு வளைந்தது. நீ எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னாய்:

"பாத்தீகளா? தின்னர் வாடைய வெளிய தள்ளுறதுக்கு ஒரு ஃபேன் ஓடுது. அது தள்ளுற அளவுக்குப் புதுக்காத்து உள்ள வரல. அதான் எங்க இடுக்கு இருக்கோ அங்கன இருந்தெல்லாம் வெளிக்காத்த இழுக்குது. புழுதியும் ஈரமும் அதோட வருது. கதவும் கனமா இருக்கும், வெளிப்பக்கம் தள்ளுனா லேசுல திறக்காது."

"ஆமாய்யா," என்றாள் பேச்சி. "யாரோ வெளிய நின்னு கதவப் பிடிச்சிக்கிட்டு இருக்க மாதிரியே இருக்கு. அதான் நாங்க செங்கலு வைக்கிறோம். சொன்னா எங்க மொதலாளிக்குச் சிரிப்பு வருது."

"இனிமே பிடிக்காது சித்தி."

கூரைக்கு மேலே ஏறி, வெளிக்காற்று வருகிற குழாயில் இருக்கிற தகட்டை, டேம்பர் என்று சொன்னாயே, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டாய். தொங்கிக்கொண்டிருந்த தாள் நேரே நின்றது, பிறகு மெதுவாக வெளிப்பக்கம் சாய்ந்தது. பேச்சி போய் ஒரு விரலால் கதவைத் தள்ளினாள். திறந்துகொண்டது. அவள் தள்ளினாள், மூடினாள், மறுபடி தள்ளினாள். பிறகு அவளே செங்கல்லை எடுத்துக்கொண்டுபோய் வேலிக்கு அந்தப் பக்கம் வீசிவிட்டு வந்தாள். நீ அந்தத் தகட்டில் சிவப்புப் பெயிண்டால் கோடு போட்டு, "இதுக்குக் கீழ இறக்காதீங்க" என்று முதலாளியிடம் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். சாப்பிடும்போது எனக்கு விளக்கமும் சொன்னாய். "வெளிக்காத்தக் குளிர வைக்கத்தாம்மா கரண்ட் ரொம்பத் திங்கும். நெறைய விட்டா முதலாளி அழுவாரு, கொறைய விட்டா வேல பாக்குறவுக வாடிப் போவாக. ரெண்டுக்கும் நடுவுல நிறுத்துறதுதான் என் பொழப்பு." எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பேச்சி அன்றுமுதல் கதவோரத்து இடத்தை விட்டுவிட்டு ஹாலின் நடுவில் வந்து உட்கார்ந்தாள். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத்தான் தெரியும்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நான் ஏன் எழுதப்போகிறேன்.

சீசன் முடிந்து வேலை மந்தமான மாதத்தில் முதலாளி உனக்குப் போன் பண்ணினார். கரண்ட் பில்லை இன்னும் குறைக்க வழி உண்டா என்று கேட்டார். ஆள் இல்லாத நேரத்தில், ஞாயிற்றுக்கிழமையில், வெளிக்காற்றைக் குறைக்கலாம் என்று நீ சொல்லியிருக்கிறாய். நீ சொன்னது சரிதான். எனக்கே புரிகிறது. ஆனால் அவர் காதில் "குறைக்கலாம்" என்பது மட்டும்தான் விழுந்தது. சிவப்புக் கோட்டுக்குக் கீழே இறக்கினார். பில் குறைந்தது. இன்னும் இறக்கினார். இன்னும் குறைந்தது. கடைசியில் ஒரேயடியாக மூடிவிட்டார். சீசன் மறுபடி ஆரம்பித்து ஹால் நிறைய ஆள் வந்த பிறகும் திறக்கவில்லை. தின்னர் ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. நான் ஒருநாள் காலண்டர் தாளைக் கிழித்துக் கதவிடுக்கில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே வளைந்தது. கதவு மறுபடி கனத்துவிட்டது. மத்தியானம் ஆனால் எல்லோருக்கும் தலைவலி, சிலருக்கு வாந்தி. ஒருத்தி மயங்கியே விழுந்தாள். இடுக்கு வழியாக ஈரம் வந்து கலர் விலக ஆரம்பித்தது. கலர் விலகினால் முதலாளிக்குத் தெரிந்த ஒரே காரணம் கதவுதான். "பொம்பளைங்க சும்மா சும்மா திறந்துக்கிட்டே இருக்காங்க" என்று சொல்லிப் பூட்டு வாங்கிக்கொண்டு வந்து மாட்டினார். சாவியை என் கையில் கொடுத்தார். தையல் பெண்களுக்கு நான் சூப்பர்வைசர் அல்லவா. காலை ஒன்பது மணிக்கு வெளியேயிருந்து பூட்டி, மத்தியானம் சாப்பாட்டுக்குத் திறந்து, மறுபடி பூட்ட வேண்டும். நான் பூட்டினேன். நீ அதிர்ச்சி அடையாதே. முதல் நாள் பூட்டிவிட்டுக் கதவுக்கு வெளியிலேயே கொஞ்ச நேரம் நின்றேன், பிறகு பழகிவிட்டது.

தகட்டை மூடிவிட்டார், எல்லோருக்கும் தலைவலி என்று சொல்ல உனக்குப் போன் பண்ணினேன் அல்லவா? முதல் தடவை சைட்டில் இருப்பதாகச் சொன்னாய். இரண்டாவது தடவை நீ சொன்னது எனக்கு அப்படியே மனதில் நிற்கிறது. "அம்மா, அந்த ஹாலோட பில்லு கொறஞ்சத வச்சுத்தான் எனக்கு இந்தத் துபாய் வேலயே கிடச்சுது. இன்டர்வியூல அதத்தான் காட்டுனேன். இப்பப் போயி அது தப்புன்னு நானே எப்படிச் சொல்றது? நான் அங்க போயி ஒரு மாசம் கழிச்சு அவர்ட்ட பக்குவமாப் பேசுறேன்." நான் சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். உன்மேல் கோபம் வரவில்லை. உன் அப்பா லாரியில் லோடு ஏற்றி இறக்கி உன்னைப் படிக்கவைத்தது இந்த மாதிரி ஒரு நாளுக்காகத்தான். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. ஒரு மாதம்தானே, பொறுத்துக்கொள்வோம் என்று நினைத்தேன். பொறுத்துக்கொள்ளப்போவது நான் மட்டும் இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

போன வாரம் சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் கரண்ட் போனது. ஜெனரேட்டர் எடுக்கவில்லை. நான் அப்போது தாள் லோடு வந்ததென்று பின்னால் குடோனில் நின்றுகொண்டிருந்தேன். சாவி என்னிடம். ஜன்னல் இல்லாத ஹால், பட்டப்பகலில் கும்மிருட்டு. ஃபேனும் நின்றுவிட்டதால் தின்னர் வாடை அப்படியே உள்ளே தங்கியிருக்கிறது. யாரோ ஒருத்தி "பொகை வாட அடிக்குதே" என்று சொல்லியிருக்கிறாள். அவ்வளவுதான். குடோனில் இருந்த எனக்குக் கதவு இடிபடுகிற சத்தம் கேட்டது. ஓடினேன். மூன்றாவது தடவைதான் சாவி துவாரத்தில் நுழைந்தது. திறந்தபோது பேச்சிதான் முதலில் இருந்தாள். அந்தச் சுருங்கிய கையால்தான் கதவை அடித்திருக்கிறாள், தோல் கிழிந்து ரத்தம். யாருக்கும் உயிருக்கு ஒன்றுமில்லை. புகையும் இல்லை, நெருப்பும் இல்லை. முதலாளி வந்து பார்த்துவிட்டு, "அஞ்சு நிமிசம் கரண்ட் போனதுக்கா இம்புட்டு ஆர்ப்பாட்டம்?" என்றார். பேச்சி அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். திட்டினாலாவது நான் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டாள். திரும்ப வரவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். வா என்றாள், காபி கொடுத்தாள். நாரணாபுரத்தில் சேர்ந்துவிட்டதை அப்போதுதான் சொன்னாள். "ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா பேச்சி? மருந்து ரூமுக்கா போன? பிள்ளைக்குப் பரீச்ச வருதுல்ல?" என்று கத்தினேன். அவள் நிதானமாகச் சொன்னாள்:

"அங்கன நாலு வாசல் இருக்குக்கா. வெடிச்சா ஓடலாம். ஓடித் தப்பிக்கலன்னாலும், ஓடுனேன்னாவது இருக்கும். ஒங்க ஹால்ல உக்காந்த எடத்துலயே செத்திருப்போம். நீங்க வந்து திறந்து, எங்கள எண்ணிப் பாத்திருப்பீக."

படித்த பிள்ளை நீயே சொல். இந்த ஊரில் எங்களைப் போன்றவர்களுக்கு இருப்பது இரண்டே ரூம். ஒன்றில் கதவு திறந்திருக்கிறது, உள்ளே மருந்து இருக்கிறது. இன்னொன்றில் மருந்து இல்லை, குளிர்ச்சியாக இருக்கிறது, கதவு பூட்டியிருக்கிறது. அவளை முதல் ரூமிலிருந்து இழுத்துவந்தவள் நான். இரண்டாவது ரூமை அவளுக்குப் பழக்கிக் கொடுத்தவன் நீ. பூட்டியவள் நான். பூட்டச் சொன்னவர் முதலாளி. கரண்ட் பில் அவரைப் பயமுறுத்தியது. ஒவ்வொருவரும் தன் பங்குக்கு ஒரு நியாயம் வைத்திருக்கிறோம். நியாயம் கிடைக்காமல் உட்கார்ந்திருக்கிறவள் பேச்சி ஒருத்திதான். அவளுக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் யாரைப் போய்க் கேட்பது என்று யோசித்து யோசித்து எனக்கு மண்டை காய்ந்துவிட்டது.

முதலாளியிடம் நான் கேட்காமல் இல்லை. வெளிக்காற்றைத் திறந்துவிடுங்கள், பூட்டை எடுங்கள், பேச்சியைப் போய்க் கூப்பிட்டு வருகிறேன் என்று கெஞ்சினேன். அவர் கெட்டவர் இல்லை, அது உனக்கும் தெரியும். "ஏ.சி. வெவகாரம் ஒங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாதும்மா. ஒங்க மகன் எழுதிக் குடுக்கட்டும், அந்த நிமிசமே திறந்துவிடுறேன்" என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார். அடுத்த ஆடிப் பதினெட்டுக்குப் புதுக் காலண்டர் மாதிரிகளை ஆல்பமாகப் போட்ட பிறகு ஆர்டர் குவியும், அதற்குள் பக்கத்திலேயே இன்னொரு ஹால் கட்டப்போகிறாராம். இதே மாதிரியாம். இந்த ஹாலின் பில்லைப் பார்த்துவிட்டு மற்ற பிரஸ்காரர்களும் வந்து கேட்கிறார்களாம். எல்லோரிடமும் உன் பெயரைத்தான் சொல்கிறாராம். சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஆக, நீ எழுத வேண்டும். பெரிதாக ஒன்றும் வேண்டாம். தகட்டைச் சிவப்புக் கோட்டுக்கு ஏற்று, ஆள் இருக்கும்போது இறக்காதே, கதவைப் பூட்டாதே, உள்ளேயிருந்து தள்ளினால் திறக்கிற மாதிரி வை. இவ்வளவுதான். ஆனால் அதை எழுதினால், பில் குறைந்ததற்குக் காரணம் உன் சாமர்த்தியம் இல்லை, ஆட்களுக்கு வர வேண்டிய காற்றை நிறுத்தியதுதான் என்று நீயே ஒப்புக்கொள்கிற மாதிரி ஆகிவிடும். அது துபாய் வரைக்கும் போகுமா, போகாதா, எனக்குத் தெரியவில்லை. போனால் உன் வேலைக்கு என்ன ஆகும் என்பதும் தெரியவில்லை. இதையெல்லாம் தெரிந்துகொண்டேதான் கேட்கிறேன். பெற்றவள் பிள்ளையிடம் கேட்கக்கூடாததைக் கேட்கிறேன்.

உள்ளதைச் சொன்னால், நீ எழுதுவாய் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. நீ கெட்ட பிள்ளை என்பதால் இல்லை. நானே பூட்டினேனே. கதவு திறந்து கிடந்ததால் உயிர் பிழைத்தவள், நாய் வந்து படுத்தாலும் பரவாயில்லை என்று கதவைத் திறந்துபோட்டுத் தூங்குகிறவள், நானே தினமும் காலையில் பூட்டிவிட்டுப் போய் டீ குடித்தேனே. இன்றைக்கும் பூட்டினேன். நாளைக்கும் பூட்டுவேன். பூட்டமாட்டேன் என்று சாவியைத் தூக்கி முகத்தில் எறிய எனக்குத் தைரியம் இல்லை. நான் எறிந்தால் இன்னொருத்தி வாங்கிக்கொள்வாள், அவள் குடோனுக்குப் போனால் ஓடியும் வரமாட்டாள். இப்படி எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். உனக்கும் அங்கே ஏதாவது ஒரு சமாதானம் கிடைக்கும். நீ எழுதினாலும் முதலாளி திறப்பாரா, திறந்தாலும் அடுத்த பில் வந்ததும் மூடாமல் இருப்பாரா, அதெல்லாம் ஒழுங்காக நடந்தாலும் பேச்சி என்னை நம்பி மறுபடி வருவாளா, எதையும் என்னால் சொல்ல முடியவில்லை. நல்லது நடக்கும் என்று முடித்தால் உனக்கு ஆறுதலாக இருக்கும். எனக்கு அப்படித் தோன்றவில்லை, அதனால் எழுதவில்லை.

நீ போகிற இடத்தில் இதைவிடப் பெரிய பெரிய கட்டடங்கள் இருக்கும். காற்றையும் கரண்டையும் இன்னும் நுணுக்கமாக அளப்பீர்கள். அளந்து முடித்ததும் அன்றைக்கே பெட்டியைக் கட்டாதே. நீ போன பிறகு அந்தத் தகட்டைத் தொடப்போகிறவன் யார், அவனுக்கு எதைக் கண்டால் பயம் என்று விசாரித்துவிட்டுக் கிளம்பு. உள்ளே உட்காரப்போகிறவர்கள் எங்கேயிருந்து வந்தவர்கள் என்றும் கேள். அம்மா சொல்லக்கூடிய புத்திமதி இவ்வளவுதான். இதையும் நான் யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை, பேச்சி போன பிறகுதான் தோன்றியது.

இன்று காலையில் நான் பிரஸ்ஸுக்குப் போகிற வழியில், பட்டாசுக் கம்பெனி வேன் வருகிற இடத்தில் பேச்சி நின்றுகொண்டிருந்தாள். கதவை அடித்துக் கிழிந்த கையில் துணிக்கட்டுப் போட்டிருந்தாள். பார்க்காத மாதிரிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். அவளே கூப்பிட்டாள். "தம்பி நல்லபடியாப் போயிட்டானாக்கா? எனக்கு வரணும்னுதான் இருந்துச்சு. மொகத்தப் பாத்தா ஏதாச்சும் வாய்ல வந்துரும்னுதான் வரல" என்றாள். வேன் வந்து நின்றது, பெண்கள் ஏற ஆரம்பித்தார்கள். அவள் ஒரு காலை ஏற்றிவிட்டு, மறுபடி இறங்கி என் பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, அவன் போற ஊர்ல கம்பெனிலயே தங்குறதுக்கு ரூம் குடுப்பாகல்ல? அதுல திறக்கிற மாதிரி சன்னல் இருக்கான்னு கேட்டீகளா? பிள்ள மூடுன ரூம்ல தூங்க மாட்டானே. கேட்டுச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். வேன் நாரணாபுரம் ரோட்டில் திரும்பியது.

அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும், தம்பி. சன்னல் இருக்கிறதா?

அம்மா